குதிரைப் பாதைகளும் சட்டம் விதித்த காலக்கெடுவும்

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் குதிரையேற்றத்தில் ஈடுபடுவோர் கடந்த கால் நூற்றாண்டு காலமாக ஒரு திகதிக்கு எதிராகப் போராடி வந்துள்ளனர். முதலில் அது 2026 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதியாக இருந்தது. பின்னர் 2031 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதியாக மாற்றப்பட்டது. அத்திகதிக்கு முன்னர் உள்ளூராட்சி மன்றத்தின் வரைபடத்தில் பதியப்படாத பழைய பாதைகள் மீது பொதுமக்களுக்கு உள்ள உரிமை சட்டத்தின் பார்வையில் இல்லாதொழிந்துவிடும் என்பது 2000 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் ஏற்பாடாகும். இதனை இரத்துச் செய்யப்போவதாக 2022 இல் அரசாங்கம் அறிவித்தது. 2023 இல் அவ்வறிவிப்பிலிருந்து பின்வாங்கித் திகதியை மட்டும் ஒத்திவைத்தது. 2024 ஜூலையில் பதவிக்கு வந்த தொழிற்கட்சி அரசாங்கம், அதே ஆண்டு டிசம்பரில், ஏற்பாட்டை முற்றாக நீக்கப்போவதாக மீண்டும் அறிவித்தது.

நமது வாசகர்களுக்குக் குதிரை என்றதும் நுவரெலியாவின் ஏப்ரல் மாத ஓட்டப் பந்தயமோ, நெடுந்தீவின் வெட்டவெளிகளில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளோதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்திலும் குதிரை என்பது சீமான்களின் விவகாரம் என்றவோர் எண்ணம் பொதுவாக உண்டு. ஆனால் இந்தப் பாதைகளுக்காக வாதாடுவோரில் பெரும்பாலானோர் சாதாரண வருமானமுடைய பெண்கள். பக்கத்து விவசாயியின் வயலில் ஒரு துண்டை வாடகைக்கு எடுத்து ஒற்றைக் குதிரையை வைத்துப் பராமரித்து, வேலைக்குப் போகுமுன்னரோ வார இறுதியிலோ இரண்டு மணி நேரம் வெளியே செல்பவர்கள். சொந்தமாக ஆயிரம் ஏக்கர் வைத்திருப்பவருக்குப் பொதுப் பாதை தேவையில்லை. பொதுப் பாதையை நம்பியிருப்பவர் காணியில்லாதவரே. இந்த வழக்கின் தன்மையை விளங்கிக் கொள்வதற்கு இதை முதலில் மனதிற் கொள்ளுதல் அவசியமாகும்.

இங்கிலாந்தின் வழியுரிமைச் சட்டம் சற்று விநோதமானது. நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும். அந்நிலத்தின் மேலாகச் செல்லும் பாதையில் நடக்கும் உரிமை நாட்டிலுள்ள அனைவருக்கும் சொந்தமாக இருக்கும். நிலச் சொந்தக்காரர் காணியை விற்கலாம், பிரிக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். பாதையின் மீதான பொது உரிமை அதனால் பாதிக்கப்படுவதில்லை. ஒரு முறை பொது வழியாக இருந்தது என்றும் பொது வழியாகவே இருக்கும் என்பது அந்நாட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டு வந்த கோட்பாடாகும். நூறாண்டுகள் யாரும் அப்பாதையில் கால் வைக்காவிட்டாலும், முட்செடி மூடிக் கிடந்தாலும், முறைப்படியான சட்ட நடவடிக்கை மூலம் மூடப்படாதவரை உரிமை உறங்கிக் கொண்டிருக்குமேயன்றி இறந்துவிடாது.

இப்பாதைகளில் தரவரிசை உண்டு. நடைபாதையில் நடந்து மட்டுமே செல்லலாம். குதிரைப் பாதையில் நடக்கவும் குதிரையேறிச் செல்லவும் குதிரையை நடத்திச் செல்லவும் உரிமை உண்டு. 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் அதில் சைக்கிளிலும் செல்லலாம். ஆயினும் சைக்கிளோட்டி நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். அதற்கு மேல் வண்டிப் பாதைகள். இங்கிலாந்தில் பதியப்பட்ட நடைபாதைகள் சுமார் 91,000 மைல். குதிரைப் பாதைகள் சுமார் 20,000 மைல். வண்டிப் பாதைகளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், பொது வழிகளின் மொத்த நீளத்தில் குதிரையேறிச் செல்வோருக்குத் திறந்திருப்பது 22 சதவீதம் மாத்திரமே என்று 1947 இல் உருவான பிரித்தானியக் குதிரைச் சங்கம் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகின்றது. இந்த 22 சதவீதமும் ஒன்றோடொன்று இணைந்த வலையாக இல்லை. ஒரு துண்டு இங்கே, மறு துண்டு மூன்று மைல் அப்பால், நடுவில் கனரக வாகனங்கள் விரையும் தார் வீதி என்பதே பல இடங்களில் நிலைமையாகும்.

இந்த அறுந்த நிலை எப்படி ஏற்பட்டது என்பதே கதையின் முக்கியமான பகுதி. இரண்டாம் உலகப் போரின் பின்னர் 1949 இல் தேசியப் பூங்காக்கள் மற்றும் கிராமப்புற அணுகல் தொடர்பான சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஒவ்வொரு மாவட்டக் கவுன்சிலும் தனது எல்லைக்குள் உள்ள பொதுப் பாதைகளையெல்லாம் அளந்து அறுதியான வரைபடமொன்றைத் தயாரிக்க வேண்டுமென அச்சட்டம் பணித்தது. அவ்வரைபடத்தில் ஒரு பாதை காட்டப்பட்டிருந்தால் அதன் இருப்புக்கு வேறு சான்று தேவையில்லை. நோக்கம் உயர்வானதே. ஆனால் களவேலை 1950களில் கிராம மட்டச் சபைகளின் தலையில் விழுந்தது. பயிற்சியற்ற தொண்டர்கள், பல இடங்களில் அவ்வூர் விவசாயிகளே, படிவத்தையும் பென்சிலையும் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். ஒரு சபை உற்சாகமாக எல்லாவற்றையும் குறித்தது. அடுத்த சபை அசட்டையாக இருந்தது. தன் காணியூடாகச் செல்லும் பாதையைப் பற்றி மௌனம் சாதித்த சபை உறுப்பினர்களும் இருந்திருப்பார்கள் என்று ஊகிப்பதில் தவறில்லை. மனித இயல்பு எல்லா நாடுகளிலும் ஒன்றுதானே.

விளைவு, இன்றைய வரைபடத்தை விரித்தால் கண்ணுக்குத் தெரியும். ஒரு கிராமத்தின் எல்லை வரை குதிரைப் பாதையாக வரும் வழி, எல்லையைத் தாண்டியதும் வெறும் நடைபாதையாகிவிடும். அதே மண், அதே வேலி, அதே அகலம். குதிரையில் வந்தவர் எல்லைக் கல்லருகே நின்று திரும்பிப் போக வேண்டும் என்பதற்காக எந்த முன்னோரும் பாதை வெட்டியிருக்க மாட்டார்கள். இரு கிராமச் சபைகளின் எழுதுவினைஞர்கள் இரு விதமாக எழுதியதே காரணம். சில வழிகள் எல்லையில் முற்றாக மறைந்துபோவதும் உண்டு. 1950களில் குதிரையின் பயன்பாடு வீழ்ச்சியடைந்திருந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். பண்ணைகளில் டிராக்டர் குதிரையின் இடத்தைப் பிடித்துக் கொண்டிருந்தது. குதிரை மறையப் போகின்றது, அதற்கெதற்குத் தனிப் பாதை என்ற எண்ணத்தில் பல குதிரைப் பாதைகள் நடைபாதையாகப் பதியப்பட்டன.

இந்தப் பிழைகளைத் திருத்துவதற்கு வழி இருந்தது. 1981 ஆம் ஆண்டின் சட்டப்படி எவரும் சான்றுகளுடன் கவுன்சிலுக்கு விண்ணப்பித்து வரைபடத்தை மாற்றக் கோரலாம். கால வரையறை எதுவும் இருக்கவில்லை. அதனைக் கொண்டு வந்ததே 2000 ஆம் ஆண்டின் கிராமப்புற மற்றும் வழியுரிமைச் சட்டம்.

அச்சட்டம் இரு கைகளைக் கொண்டது. ஒரு கை மலை, மேய்ச்சல் மேடு, புதர்க்காடு, பொது மந்தைவெளி ஆகிய நிலங்களில் பாதையை விட்டு விலகியும் உலாவும் உரிமையை மக்களுக்கு அளித்தது. இங்கிலாந்தின் பரப்பில் சுமார் 8 சதவீதம் இவ்வாறு திறக்கப்பட்டது. மறு கை, 1949 இற்கு முன்னரே இருந்து இன்னும் பதியப்படாத பாதைகளுக்கு 2026 என்ற முடிவுத் திகதியை விதித்தது. முதலாவது நடப்பவர்களுக்கான பரிசு, இரண்டாவது நிலவுடைமையாளர்களுக்கான ஈடு என்றே பலரும் இதனைப் புரிந்து கொண்டனர். குதிரையேறிச் செல்வோரின் நிலைதான் பரிதாபமானது. உலாவும் உரிமை நடந்து செல்வோருக்கு மாத்திரமே என்று சட்டம் கூறியதால் பரிசில் அவர்களுக்குப் பங்கில்லை. ஆனால் ஈட்டில் பெரும் பங்கை அவர்களே செலுத்த வேண்டியிருந்தது. ஏனெனில் முற்றாக விடுபட்ட பாதைகள் மட்டுமன்றி, தவறாக நடைபாதையெனப் பதியப்பட்ட குதிரைப் பாதைகளின் உயர் உரிமையும் அத்திகதியுடன் அற்றுப்போகும் என்பதே ஏற்பாடு. சில விதிவிலக்குகள் இருந்தபோதிலும் அடிப்படை இதுதான். நடப்பவருக்கு அப்பாதை எஞ்சும், குதிரைக்கு எஞ்சாது.

விடுபட்ட பாதைகளைத் தேடிப் பதிவதற்கு அரசாங்கமே ஒரு திட்டத்தை ஆரம்பித்ததும் உண்மையே. அது 2008 இல் கைவிடப்பட்டது. அதன் பின்னர் வேலை முழுவதும் தொண்டர்களின் தோளில் இறங்கியது. குதிரைச் சேணத்தை மட்டுமே அறிந்திருந்தவர்கள் சுவடிக்கூடங்களின் கதவைத் தட்டத் தொடங்கினர். சாரா பக்ஸ், பில் வேடி ஆகிய இருவர் எழுதிய வழிகாட்டி நூலொன்று 2012 இல் வெளிவந்து, எந்த ஆவணத்தை எங்கே தேடுவது, அதை எப்படிப் படிப்பது என்பதைக் கற்றுக் கொடுத்தது.

அவர்கள் எதைத் தேடுகிறார்கள்? நம் நாட்டில் காணித் தகராறு என்று வந்தால் பழைய உறுதிகளையும், சில வேளை ஒல்லாந்தர் காலத் தோம்புகளையும் புரட்டுவது போலவே அங்கும் அடுக்கடுக்காகப் பழைய ஏடுகள் உள்ளன. முதலில் வருவன பொது நிலங்களை வேலியடைத்துப் பங்கிட்ட தீர்ப்பேடுகள். ஏறத்தாழ 1750 முதல் 1850 வரையான நூறாண்டில், கிராமத்தார் கூட்டாக அனுபவித்த நிலங்களைப் பாராளுமன்றச் சட்டங்களின் மூலம் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தனர். ஏழைகளின் மேய்ச்சல் நிலத்தைப் பறித்த வரலாறு அது. ஆயினும் அதை நிறைவேற்றிய ஆணையாளர்கள் புதிய வயல்களைப் பிரிக்கும்போதே பொது வழிகளையும் அகலத்துடன் குறித்து வைத்தார்கள். ‘இன்னாருடைய வயலின் வடக்கு ஓரமாக இத்தனை அடி அகலத்தில் பொதுக் குதிரை வழி’ என்ற வகையில் அவ்வேடுகளில் எழுதப்பட்டிருக்கும். மக்களின் நிலத்தைப் பறித்த ஏடே இன்று மக்களின் வழிக்குச் சாட்சியாக நிற்பது வரலாற்றின் முரண்களில் ஒன்று.

இவ்வேடுகளின் சட்ட வலு பற்றி ஒரு நீண்ட வழக்கே நடந்தது. 1801 ஆம் ஆண்டின் பொதுச் சட்டத்தின் கீழ் பொது நடைபாதைகளையும் குதிரைப் பாதைகளையும் வகுக்க ஆணையாளர்களுக்கு அதிகாரம் இருக்கவில்லை என்று 1993 இல் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால், சிறப்புச் சட்டத்தால் தனியாக அதிகாரம் கொடுக்கப்படாத இடங்களிலெல்லாம் ஏடு இருந்தும் பயனில்லை என்ற நிலை தோன்றியது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2015 இல், மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைப் பிழையென்று ஒதுக்கியது. சட்டத்தில் உள்ள ஒரு சொல்லுக்கு 1801 இல் என்ன பொருள் இருந்தது என்பதே விவாதத்தின் மையம். இரு நூற்றாண்டுகளுக்கு முந்திய சொல்லொன்றின் பொருளில் இன்று எவர் எந்த வழியால் செல்லலாம் என்பது தங்கியிருந்தது.

அடுத்து வருவது 1910 ஆம் ஆண்டின் நிதிச் சட்ட ஆவணங்கள். லொயிட் ஜோர்ஜ் நிதியமைச்சராக இருந்தபோது நிலத்தின் பெறுமதி உயர்வுக்கு வரி விதிக்கும் பொருட்டு நாட்டின் காணிகள் யாவும் மதிப்பிடப்பட்டன. வரைபடத்தில் ஒவ்வொரு காணிக்கும் நிறம் தீட்டினார்கள். பொது வீதிகள் எவருடைய காணியிலும் சேராமல் வெள்ளையாக விடப்பட்டன. காணியூடாகப் பொதுப் பாதை சென்றால் சொந்தக்காரர் அதைக் கூறிப் பெறுமதியில் கழிவு பெறலாம்; பொய்யாகக் கூறினால் தண்டனை. எனவே இன்று தன் காணியில் பாதையே இருந்ததில்லை என்று ஒருவர் வாதிடும்போது, அதே காணியின் அன்றைய சொந்தக்காரர் பாதை உண்டென்று கூறிக் கழிவு பெற்ற குறிப்பை லண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்திலிருந்து எடுத்து முன்வைக்க முடிகின்றது. அந்த வரி 1920 இல் நீக்கப்பட்டுவிட்டது. வரி போனாலும் தாள் நின்றது.

ரயில் பாதை அமைத்த கம்பனிகளின் வரைபடங்களும் பயனுள்ளவை. பொதுக் குதிரை வழியொன்றை ரயில் பாதை குறுக்கிட்டால் கம்பனி தன் செலவில் கடவையோ பாலமோ அமைக்க வேண்டியிருந்தது. அதனால் இல்லாத பாதையை இருப்பதாகக் காட்டக் கம்பனிக்கு எந்தத் தேவையும் இல்லை. செலவு செய்ய வேண்டியவனின் ஒப்புதலே வலுவான சாட்சி. இவை தவிர நில அளவைத் திணைக்களத்தின் பழைய படங்கள், தேவாலயத்துக்குரிய தசமபாக வரிப் படங்கள், நீதவான்களின் காலாண்டு அமர்வுப் பதிவுகள் என்பனவும் உள்ளன. ஒன்று தனித்து எதையும் நிரூபிக்காது. பலவும் ஒரே திசையைக் காட்டும்போதே வழக்கு வலுப்பெறும். நடப்போர் சங்கமான ரம்ளர்ஸ், பழைய படங்களையும் இன்றைய அறுதி வரைபடத்தையும் தொண்டர்களைக் கொண்டு ஒப்பிட்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 49,000 மைலுக்கு மேற்பட்ட வழிகள் விடுபட்டிருக்கக் கூடும் என்று அறிவித்தது. அவை யாவும் நிரூபிக்கப்படும் என்பது இதன் கருத்தல்ல. ஆனால் தேட வேண்டிய பரப்பு எத்தகையது என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

ஆவணம் இல்லாத இடத்தில் பாவனையே சான்றாகும். இருபது ஆண்டுகள் தடையின்றிப் பொதுமக்கள் ஒரு வழியைப் பயன்படுத்தியிருந்தால் அது பொது வழியாக ஒப்படைக்கப்பட்டதெனச் சட்டம் கொள்ளும். மூன்று நிபந்தனைகள் உண்டு: வலுவந்தமாகச் சென்றிருக்கக் கூடாது, ஒளித்துச் சென்றிருக்கக் கூடாது, அனுமதி கேட்டும் சென்றிருக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனை பலருக்கும் விளங்குவதில்லை. காணிக்காரர் நல்ல மனதுடன் ‘தாராளமாகப் போய் வாருங்கள்’ என்று கூறிவிட்டால், அது அவருடைய தயவாகிவிடுகின்றது. தயவில் நடந்தவருக்கு நூறு ஆண்டுகள் ஆனாலும் உரிமை பிறக்காது. நமது நாட்டில் 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் பத்து ஆண்டுகால அனுபவத்துக்கு அளிக்கும் பெறுமதியையும், பக்கத்துக் காணிக்காரரின் சம்மதத்தோடு நடந்த ஒழுங்கைகள் பற்றி எழும் வழக்குகளையும் அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

இத்தகைய விண்ணப்பங்களைத் தீர்மானிக்கும் முறையில் ஒரு முக்கியமான அம்சம் உண்டு. பாதை தேவையா, வசதியா, பாதுகாப்பானதா, அயலவருக்குத் தொல்லையா என்பனவெல்லாம் பொருட்படுத்தப்படுவதில்லை. உரிமை இருக்கின்றதா இல்லையா என்ற ஒரே கேள்விதான். கவுன்சில் கட்டளை பிறப்பித்து அதற்கு ஆட்சேபனை வந்தால், அரசாங்கத்தின் திட்டமிடல் பரிசோதகர் முன் விவகாரம் செல்லும். பகிரங்க விசாரணை நடைபெறும். ஊர் மண்டபத்தில் முதியவர்கள் எழுந்து, சிறு வயதில் எந்தப் படலையால் குதிரையில் போனோம் என்று சாட்சி சொல்வார்கள். இத்தகைய சாட்சிகள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றனர். காலக்கெடு பற்றிய அச்சத்துக்கு இதுவுமொரு காரணம். தாளை 2040 இலும் தேடிப் படிக்கலாம். எண்பது வயதுக்காரரின் நினைவை அப்படிக் காத்து வைக்க முடியாது.

மறுபக்கத்தின் வாதத்தையும் அலட்சியம் செய்வதற்கில்லை. காணி வாங்கும்போது சகல வரைபடங்களையும் பார்த்து, பாதை எதுவும் இல்லையென்று உறுதி செய்து, கடன் எடுத்து வாங்கிய ஒரு விவசாயிக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1797 ஆம் ஆண்டுத் தாளொன்றைக் காட்டி உன் மாட்டுத் தொழுவத்தின் நடுவே பொதுக் குதிரைப் பாதை இருக்கின்றது என்று கூறினால் அவர் கொதித்தெழுவது நியாயமே. பாதை பதியப்பட்டால் கடமைகளும் சேர்ந்து வரும். குதிரைப் பாதையின் குறுக்கே உள்ள படலை ஐந்து அடிக்குக் குறையாமல் திறக்க வேண்டும். வயலின் நடுவே செல்லும் பாதையை உழுதால், விதைப்புக்கான முதல் உழவுக்கு 14 நாட்களுக்குள் அதை மீண்டும் அமைத்துக் குறைந்தது இரண்டு மீற்றர் அகலத்துக்குப் பயிரின்றி வைத்திருக்க வேண்டும். வயலின் ஓரமாகச் செல்லும் பாதையை உழவே கூடாது. நில உரிமையாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் கேட்பது நிச்சயத்தன்மை. எப்போதாவது ஒரு நாளில் கணக்கு மூடப்பட வேண்டும் என்கிறார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் உண்டு. கணக்கை முறையாக எழுதாதது யார் என்பதே கேள்வி. 1950களில் அரச பொறிமுறை அரைகுறையாகச் செய்த வேலைக்கான தண்டனையைப் பாதையைப் பயன்படுத்தியவர் மட்டும் சுமப்பது நீதியாகத் தெரியவில்லை. மெய்யாகவே தொல்லை தரும் இடங்களில் பாதையைக் காணியின் ஓரத்துக்கு மாற்றுவதற்குச் சட்டத்தில் தனி வழிமுறையும் உள்ளது.

நடப்பவர்களும் எல்லா இடங்களிலும் குதிரைக்காரரின் நண்பர்களல்லர். மழைக் காலத்தில் அரை தொன் எடையுள்ள விலங்கின் குளம்பு களிமண் பாதையைச் சேறாக்கிவிடும் என்பது உண்மை. அதில் வழுக்கி விழுந்தவர் குதிரைப் பாதைகள் பெருகுவதை ஆதரிக்க மாட்டார். சைக்கிளோட்டிகள் பெரும்பாலும் குதிரைக்காரருடன் ஒரே பக்கத்தில் நிற்கின்றனர். குதிரைப் பாதை கிடைத்தால் அவர்களுக்கும் கிடைத்த மாதிரி.

பாதை கிடைக்காவிட்டால் என்ன, வீதியிலே செல்லலாமே என்று கேட்கலாம். சட்டப்படி செல்லலாம். ஆனால் வீதியின் நிலைமை வேறு. பிரித்தானியக் குதிரைச் சங்கத்துக்கு 2024 ஆம் ஆண்டில் மாத்திரம் 3,000 இற்கும் மேற்பட்ட வீதிச் சம்பவங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குதிரைகள் உயிரிழந்தன. குதிரை இரையாக வேட்டையாடப்பட்ட இனத்தின் வழிவந்த விலங்கு. பின்னால் உறுமிக்கொண்டு வரும் வாகனத்தைக் கண்டால் ஓடுவதே அதன் முதல் எண்ணம். குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 10 மைல் வேகத்துக்குக் குறைத்து, குறைந்தது இரண்டு மீற்றர் இடைவெளி விட வேண்டும் என 2022 ஜனவரியில் வீதி ஒழுங்குக் கோவை திருத்தப்பட்டது. இரு புறமும் உயர்ந்த வேலியுள்ள குறுகிய கிராம வீதியில் அந்த இரண்டு மீற்றரை எங்கே தேடுவது? ஆகவே இரு குதிரைப் பாதைகளை இணைக்கும் ஒரு கால் மைல் இணைப்பு கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் சில குடும்பங்களுக்குப் பிள்ளையைக் குதிரையில் ஏற்றுவதா விடுவதா என்ற முடிவாக அமைந்துவிடுகின்றது.

விடாமுயற்சி பலன் தந்த சந்தர்ப்பங்களும் உண்டு. பென்னைன் மலைத்தொடரில் ஒரு காலத்தில் கம்பளியும் உப்பும் சுண்ணாம்பும் சுமந்த பொதிக் குதிரைகளின் தடங்கள் எங்கும் பரவியிருந்தன. ரயில் வந்தபின் அவை தூர்ந்தன. மேரி டவுன்லி என்ற பெண்மணி 1986 இல் வடக்கே நோர்தம்பர்லாந்திலிருந்து டார்பிஷயரின் ஆஷ்போர்ன் வரை சுமார் 250 மைல் தூரம் குதிரையிற் சென்று, அப்பழைய தடங்கள் எவ்வளவு சிதைந்துள்ளன என்பதை நாட்டுக்குக் காட்டினார். அவருடைய இடைவிடாத வற்புறுத்தலின் பயனாக, பென்னைன் குதிரைப் பாதை தேசிய வழித்தடமாக உருவெடுத்தது. 2001 இல் அவர் காலமானார். அத்தடத்தின் 47 மைல் வட்டப் பகுதி, அவர் பெயரைத் தாங்கி, மறு ஆண்டு திறக்கப்பட்டது.

எல்லைக்கு அப்பால் ஸ்கொட்லாந்து வேறு வழியைத் தெரிவு செய்தது. 2003 ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், நடப்பவர், சைக்கிளோட்டி, குதிரையேறிச் செல்வோர் மூவருக்கும் பொறுப்புணர்வோடு நிலத்தில் பிரவேசிக்கும் உரிமையை ஒரே மாதிரி வழங்கியது. அங்கே வீட்டு முற்றத்துக்கும் விளைந்து நிற்கும் பயிருக்கும் விலக்கு உண்டு. நடத்தை எப்படி என்பதே அங்குள்ள கேள்வி. 1801 இல் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வி எழுவதில்லை. மக்கள் அடர்த்தி மிகுந்த தென் இங்கிலாந்தில் அம்முறை அப்படியே பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. எனினும் குதிரையைத் தனியாகப் பிரித்து வெளியே நிறுத்த வேண்டிய அவசியமில்லை என்பதை அது காட்டியுள்ளது.

இங்கிலாந்தில் இப்போது திகதியைக் காட்டிலும் பெரிய தடையாக இருப்பது வரிசை. காலக்கெடு பற்றிய அச்சத்தில் விண்ணப்பங்கள் குவிந்தன. வழியுரிமைப் பிரிவில் ஒரு சிலரை மட்டும் வைத்திருக்கும் கவுன்சில்களால் அவற்றை முடிக்க இயலவில்லை. பன்னிரண்டு மாதங்களுக்குள் தீர்மானிக்காவிட்டால் பரிசோதகரிடம் முறையிட்டு உத்தரவு பெறலாம் என்று சட்டம் சொல்கின்றது. உத்தரவு கிடைத்தாலும் வேலை செய்ய அதே சிலர்தான். காலக்கெடுவை நீக்குவதாக 2024 டிசம்பரில் கொடுக்கப்பட்ட வாக்குறுதி பாராளுமன்றத்தில் சட்டமாக நிறைவேறினால்தான் செல்லுபடியாகும். 2022 இல் கொடுக்கப்பட்ட இதே வாக்குறுதி ஓராண்டில் கைவிடப்பட்டதைக் கண்டவர்கள் அறிவிப்பை நம்பிச் சுவடிக்கூடத்தை விட்டு எழுந்துவிடவில்லை. ஓர் ஊருக்கு ஒரு கோப்பு என்ற கணக்கில் அவர்கள் இன்னும் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்கிறார்கள்: கிராம எல்லையில் அறுந்து நிற்கும் துண்டுகள் முதலில், மூத்த சாட்சிகள் உள்ள பாதைகள் அடுத்து, தாளிலே மட்டும் வாழும் பாதைகள் கடைசியில்.